பாலமுனைக் கரையில் நீருக்கு ஒரு போர்வை

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலை, இலங்கைத் தீவின் அழகிய சாலைகளுள் ஒன்று. கல்லாற்றைக் கடந்து, நெசவுக்குப் பேர்போன மருதமுனையைத் தாண்டிக் கல்முனைக்கு வந்துவிட்டால், அதன்பின் ஊர்களுக்கிடையே எல்லை காண்பது அரிது. சாய்ந்தமருது, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஒலுவில் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வலப்புறம் நோக்கினால் நெல்வயல்கள். இடப்புறம் நோக்கினால் தென்னந்தோப்புகளும் அவற்றுக்கு அப்பால் வங்கக் கடலும். ஒலுவிலைக் கடந்து, அட்டாளைச்சேனையை அடையுமுன்னர் இருப்பது பாலமுனை.

ஆடி மாதத்து நண்பகலில், நமது கல்லூரி மாணவர் நால்வருடன் நாம் அங்குச் சென்று இறங்கினோம். அவ்வூர் ஆசிரிய நண்பர் ஒருவரின் அழைப்பே நம்மை அங்குக் கொணர்ந்தது. அவருடைய வளவில் மாமரத்து நிழலில் பாய் விரித்து அமர்ந்தோம். அவருடைய தாயார் பிளேன்டீயும் பனங்கட்டியும் அனுப்பிவைத்தார். கரைவலைத் தொழிலில் முதிர்ந்தவரான நண்பரின் தந்தையார், வலைக்கண்ணைப் பொத்திக்கொண்டே நம்முடன் உரையாடினார்.

கச்சான் வீசும் ஊர்

வைகாசி முதல் ஆவணி வரை கிழக்குக் கரையில் வீசும் தென்மேல் காற்றைக் கச்சான் என்பர். மேற்கே மலைகளில் மழையாகப் பொழிந்துவிட்டு, ஈரம் இழந்த நிலையில் மலையிறங்கி வரும் இக்காற்று, சூடும் வறட்சியும் உடையது. உலரப்போட்ட சாரம் நாழிகைப் பொழுதில் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். "கச்சான் அடிச்சா குளமும் வத்தும், கிணறும் வத்தும் மாஸ்டர்" என்றார் பெரியவர்.

கரையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் கண்டோம். நீரில் ஒருவரையும் காணோம். காரணம் வினவினோம். "கடல் எங்கட சோத்துப் பானை மாஸ்டர். அதுல விளையாட விடுறதில்ல. தொழிலுக்குப் போற பொடியன் அலையில விழுந்து எழும்பிப் பழகிருவான். படிக்கிற பொடியனுக்கு அது தெரியா. பொம்புளப் புள்ளைகள் எங்க போய் நீந்திப் பழகுற?" என்றார் அவர்.

இவ்வினா நம் உள்ளத்தில் தைத்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, இலங்கையில் பிற மாவட்டங்கள் அனைத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அத்தகைய பேரலைக்கு முன் நீச்சல் பயன்படாது என்பது உண்மையே. ஆயினும் நீரினால் நேரும் மரணங்களிற் பெரும்பாலானவை பேரலையால் நேர்வன அல்ல. குளத்திலும் வாய்க்காலிலும் கிணற்றிலும் ஆற்றிலும், ஒருவர் இருவராக, ஓசையின்றி நேர்வன அவை. உலகெங்கும் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

கடலுக்கும் களப்புக்கும் வாய்க்காலுக்கும் இடையில் வாழும் பிள்ளைகள் நீந்தத் தெரியாதிருத்தல் தகுமா? ஆழம் அளந்த, அலையற்ற, மறைப்புள்ள ஒரு நீச்சற்குளம் இக்கரையில் அமைந்தால் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தத்தமக்குரிய வேளையில் அச்சமின்றிப் பயிலலாம் அன்றோ? இதனை நாம் சொன்னதும் நண்பர் நகைத்தார். "சேர், குளம் வெட்டிரலாம். தண்ணிக்கு எங்க போற? கச்சானில குடிக்கிற தண்ணியே பவுசர்ல வாற காலமும் இருக்கு. மார்கழியில அந்தத் தண்ணி குளிரும். சுபஹுக்கு வுழூச் செய்யக்கிளயே கை நடுங்குது. சின்னப் புள்ளைகள் அதுல இறங்குமா?" என்றார்.

கச்சானில் நீர் வற்றும். மார்கழியில் நீர் குளிரும். இவ்விரு இடையூறுகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதும், இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பதும் அன்று மாலை நம் உரையாடலின் பொருளாயின.

வெயில் தருவதும் காற்றுக் கவர்வதும்

ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு காற்றில் நிற்பவன் நடுங்குகிறான். மண்பானையில் ஊற்றிய நீர், பானையின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகி, எஞ்சிய நீரைக் குளிரச் செய்கிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது வேறெங்கும் சென்று தேடுவதில்லை. தன்னுடன் இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது, அது கொண்டுபோகும் வெப்பம், ஆயிரம் லீற்றர் நீரை அரைப் பாகைக்கு மேல் குளிரச் செய்யப் போதுமானது. மண்பானைக்கு நன்மை செய்யும் இவ்வியல்பே நீச்சற்குளத்துக்குப் பகையாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய குளம் ஒன்றைக் கற்பனை செய்க. அதில் ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் லீற்றர் நீர் கொள்ளும். வறண்ட நாள் ஒன்றில் அதன் நீர்மட்டம் 5 மில்லிமீற்றர் குறைவதாகக் கொள்வோம். விரற்கடை அளவும் இல்லாத இக்குறைவைக் கண்ணால் காண்பதும் அரிது. ஆயினும் அது 1,560 லீற்றருக்கும் அதிகமான நீர். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 47,000 லீற்றர்.

நீரோடு வெப்பமும் போகிறது. அந்த 5 மில்லிமீற்றர் நீர் ஒரே நாளில் கொண்டுபோகும் வெப்பம், மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 1,050 அலகுகளுக்குச் சமம். வெயில் மட்டும் வந்து அதனை ஈடுசெய்யாவிடின், குளத்து நீர் முழுவதும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 பாகை குளிர்ந்துவிடும்.

ஆனால் வெயில் ஈடுசெய்கிறது. தெளிந்த வானமுள்ள நாளில் இக்கரையில் ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் ஏறத்தாழ 5 அலகு சூரிய சக்தி விழுகிறது. தன்மீது விழும் வெயிலில் முக்காற் பங்கையேனும் நீச்சற்குளம் உள்வாங்கிக்கொள்ளும். நமது கற்பனைக் குளத்துக்கு அது நாளொன்றுக்கு 1,170 அலகுகள். வெயில் தரும் வரவும் ஆவியாதலால் நேரும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதைக் காண்க. கூரையில் சூரியத் தகடு பதித்து, குழாய் வைத்து, பொறி ஓட்டி நாம் பெற விரும்பும் வெப்பத்தை வானம் இலவசமாகவே தருகிறது. அதனைக் காற்று இலவசமாகவே எடுத்துச் செல்கிறது. மார்கழியில் முகில் மூடி வரவு குறையும்போது, செலவு மட்டும் நிற்பதில்லை. குளம் குளிர்கிறது.

உப்பளத்தில் ஆவியாதல் நமக்கு உழைக்கும் தொழிலாளி. நீச்சற்குளத்தில் அதுவே கன்னமிடும் கள்வன். திறந்த நீச்சற்குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு ஆவியாதலாலேயே இழக்கப்படுகிறது என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. ஆகவே குளத்தைச் சூடேற்றும் வழியைத் தேடுமுன், கள்வன் நுழையும் வாயிலை அடைத்தலே அறிவுடைமையாகும். அவ்வாயில் நீரின் மேற்பரப்பே.

போர்வையின் வேலை

இதனை மாணவர்க்குச் சொல்லால் விளக்குவதைவிடச் செயலால் காட்டுதல் நன்றெனக் கருதினோம். நண்பர் வீட்டில் ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் பேசின்கள் கிடைத்தன. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வந்த குமிழித் தாளும் ஒரு மூலையில் கிடந்தது. இரண்டிலும் சம அளவு கிணற்று நீரை ஊற்றி, ஒன்றின் நீர்ப்பரப்பில் மட்டும் அக்குமிழித் தாளை வெட்டி மிதக்கவிட்டு, பொழுது ஏறும் வேளையில் வெயிலில் வைத்தோம். மாலையில் மூடிய பேசினில் கை வைத்த மாணவன் வியந்து கையை எடுத்தான்; திறந்த பேசினின் நீர் அத்துணைச் சூடு கொள்ளவில்லை. இரவெல்லாம் கச்சான் வீசியது. விடியற்காலையில் திறந்த பேசினின் நீர் சில்லென்றிருந்தது. நீர்மட்டமும் நாம் இட்ட அடையாளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடியதில் மட்டம் இறங்கியது தெரியவில்லை. நீரும் அவ்வளவு குளிரவில்லை. இதனை எந்த வீட்டு முற்றத்திலும் மாணவர் செய்து பார்க்கலாம். செலவு ஏதுமில்லை.

நீச்சற்குளத்துக்கு இடும் சூரியப் போர்வையும் இக்குமிழித் தாளின் அண்ணன்தான். தடித்த பொலித்தீனில், வெயிலின் கடுமையைத் தாங்கும் மருந்து சேர்த்துச் செய்யப்படுவது. குமிழ்கள் நீரைத் தொடும்படி, வழுவழுப்பான பக்கம் மேலே இருக்குமாறு அதனை விரிப்பர். அதன் வேலைகள் மூன்று. வெயிலின் பெரும்பகுதியைத் தன்னூடே நீருக்குள் போகவிடும். நீராவி வெளியேறாமல் தடுக்கும். குமிழ்களுக்குள் அடைபட்ட காற்றினால் வெப்பம் மேலே கசிவதைக் குறைக்கும். மருதமுனைத் தறிகளில் நெய்த போர்வை மார்கழிக் குளிரில் நம்மைக் காப்பதும், இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதனாலன்றோ?

ஒளி ஊடுருவும் போர்வை வெயிலில் ஒரு சிறு பங்கைத் தடுக்கவே செய்யும். நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை இவ்வாறு குறையும் என்பர். ஆனால் ஆவியாதலைத் தடுப்பதனால் வரும் இலாபம் அந்நட்டத்தைவிட மிகப் பெரியது. வெப்பமூட்டும் குளங்களில் போர்வையினால் எரிபொருட் செலவு நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு வரையும், இழந்த நீருக்கு ஈடாக ஊற்றும் நீர் 30 முதல் 50 பங்கு வரையும் குறையும் என்று மேற்சொன்ன திணைக்களமே கூறுகிறது. குளிர் நாட்டவர்க்கு முதற்கணக்கு முக்கியம். நுவரெலியாவில் குளம் அமைப்பவர்க்கும் அதுவே முக்கியம். பாலமுனைக்கோ இரண்டாவது கணக்கே உயிர்நாடி. நீர் இழப்புப் பாதியாகக் குறைந்தாலும், நமது கற்பனைக் குளம் கச்சான் மாதம் ஒன்றில் 23,000 லீற்றர் நீரை மிச்சப்படுத்தும். வெப்பத்தைக் காக்கப் பிறந்த போர்வை, இவ்வூரில் நீரைக் காக்கும் போர்வையாகிறது.

சித்திரை வைகாசியில் நீர் மிகைச்சூடு கொள்ளுமே என்று வினவலாம். அக்காலத்தில் போர்வையை இரவில் நீக்கிவிடின், மண்பானைத் தத்துவம் தன் வேலையைச் செய்து நீரைக் குளிர்விக்கும். அதற்கு விலையாகச் சிறிது நீரை இழக்க வேண்டியிருக்கும். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதைக் காலநிலை கண்டு முடிவு செய்யும் ஒருவர் அங்கு இருத்தல் வேண்டும்.

குழந்தைகளுக்கு வெப்பம் ஏன் வேண்டும்?

நீந்தப் பழகுவோர் சிறிது குளிரைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்பாரும் உளர். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரும். எடைக்கு மிஞ்சிய தோற்பரப்பு உடையவர்களாதலால், குழந்தைகள் வளர்ந்தோரைவிட விரைவில் வெப்பத்தை இழப்பர். பந்தயக் குளங்களின் நீர் 25 முதல் 28 பாகை வரை இருத்தல் வேண்டுமென்பது உலக நீச்சற் சம்மேளனத்தின் விதி. விரைந்து நீந்துபவன் தன் உழைப்பாலேயே சூடு பெறுவான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலை அடித்துப் பழகும் ஏழு வயதுக் குழந்தைக்கு அவ்வுழைப்புச் சூடு கிடையாது. நடுங்கும் குழந்தை ஆசிரியர் சொல்வதைக் கேளாது. மறுநாள் வரவும் விரும்பாது.

வளர்ந்த வீரர்க்கும் நீரின் வெப்பநிலை சிறு பொருளன்று. வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971ஆம் ஆண்டில் பாக்குநீரிணையைப் போகவும் மீளவுமாக 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர். அப்பெருவீரர் 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். பாக்குநீரிணையின் நீரைவிட ஆங்கிலக் கால்வாயின் நீர், நடுக்கோடையிலும் ஏறத்தாழ 10 பாகை குளிர்ந்தது. வெதுவெதுப்பான கடலை நமக்கு அளித்த இயற்கையின் கொடையை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

காற்றை மறந்த போர்வை

போர்வை நல்லது என்று கேட்டவுடன் எதையாவது நீரின்மேல் பரப்பிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில், கோடையில் வற்றிக்கொண்டிருந்த வைகை அணையின் நீரைக் காக்கும் பொருட்டு, தெர்மாகோல் தகடுகளை ஒட்டி இணைத்து நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டனர். நோக்கம் நல்லதே, அதன் பின்னுள்ள விஞ்ஞானமும் தவறன்று. ஆனால் காற்று வீசியது; தகடுகள் கரை ஒதுங்கின. நாடெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2015இல், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 இலட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டனர். வெயிலால் நீரில் தீய இரசாயனம் உண்டாவதைத் தடுப்பதே முதல் நோக்கம். ஆவியாதல் குறைந்தது உடன் கிடைத்த நன்மை. அப்பந்துகளுக்குள் நீர் நிரப்பப்பட்டிருந்தமையால் அவை காற்றில் பறக்கவில்லை. முன்னதில் காற்றை மறந்தனர். பின்னதில் காற்றை எண்ணிச் செய்தனர்.

கச்சான் வீசும் பாலமுனையில் காற்றை மறத்தல் இயலாது. போர்வையை உருளையில் சுற்றி வைத்து, வேண்டும்போது இழுத்து விரித்து, ஓரங்களைக் கட்டிவைத்தல் வேண்டும். அதனினும் எளிய உதவி ஒன்றுண்டு. குளத்தைச் சுற்றி உயர்ந்த கிடுகு வேலி அடைத்தால், நீர்ப்பரப்பைத் தடவிச் செல்லும் காற்றின் வேகம் குறையும், ஆவியாதலும் குறையும். பெண் பிள்ளைகள் பயிலுதற்கு வேண்டிய மறைப்பாகவும் அதே வேலி உதவும். ஊர் அறிந்த பொருளே ஊருக்கு உதவுதல் எத்துணைச் சிறப்பு!

மற்றோர் எச்சரிக்கை உயிர் பற்றியது. பிள்ளைகள் நீரில் இறங்குமுன் போர்வையை முழுவதும் சுருட்டிவிடல் வேண்டும். பாதி மூடியும் பாதி திறந்தும் உள்ள குளம் பெருந்தீங்கு. போர்வைக்கு அடியில் அகப்பட்ட குழந்தையை மேலிருப்போர் காண முடியாது. மூடிய குளத்தைத் தரையென்று எண்ணிக் காலை வைக்கும் சிறுவனும் உண்டு. ஆதலால் வேலிக்குக் கதவும், கதவுக்குப் பூட்டும், பூட்டுக்குப் பொறுப்பான ஒருவரும் இன்றியமையாதவர். உயிர் காக்க அமைக்கும் குளம் உயிர் கவரும் குளமாகிவிடலாகாது.

பெரியவர் கேட்ட கேள்வி

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், வலையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மாஸ்டர், வெயில் சும்மா தாறத காத்துக் கொண்டுபோகாமப் பாத்துக்கிட்டாப் போதும், அப்படித்தானே?" என்று கேட்டார். நாம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசியதை அவர் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள இவ்வூர்களில் பாடசாலைகளுக்குக் குறைவில்லை, ஆசிரியருக்குக் குறைவில்லை, கொடையுள்ளம் படைத்தோர்க்கும் குறைவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு குளம் வேண்டுமென்று நாம் கூறவில்லை. பல பாடசாலைகள் முறைவைத்துப் பயன்படுத்தும் ஒன்று போதும். அதற்கு எரிபொருள் வேண்டா. வெப்பமூட்டும் பொறியும் வேண்டா. நீர் நிரம்பிய குளம், அதன்மேல் ஒரு போர்வை, அதனைச் சுற்றி ஒரு வேலி, பொறுப்பான ஓர் ஆசிரியர், பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. இவை கூடினால், கடலோரத்தில் பிறந்த குழந்தை கடலைக் கண்டு அஞ்சாமல், ஆனால் கடலை மதித்து வாழப் பழகும். பெற்றோர் பிள்ளைக்கு எழுத்தறிவித்தலை எவ்வாறு கடமையாகக் கொள்கின்றனரோ, அவ்வாறே நீரறிவித்தலையும் கொள்ளும் நாள் இக்கரையில் விரைவில் வருவதாக.